கிருமி பிடிபடாத மூளைக் காசநோய்: குளிசையை நிறுத்தலாமா?

வலிகாமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் முதலில் சொல்கிறேன்.

கணவருக்கு 36 வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் வேலை. சில வருடங்களாகச் சீனி வருத்தம் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒழுங்காக மருந்து எடுப்பவரல்ல. மூத்த மகளுக்கு 4 வயது, இளையவனுக்கு 9 மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். தைப்பொங்கல் கழிந்த கையோடு கணவருக்குத் தலையிடி தொடங்கியிருக்கிறது. பின்னேரங்களில் இலேசான காய்ச்சல், சாப்பாட்டில் மனமில்லை, உடம்பு மெலிகிறது. பீனிசமாக இருக்கும் என்று பனடோலும் ஆவி பிடிப்பதுமாக ஒரு மாதம் போய்விட்டது. அதன் பிறகு சத்தி, பார்க்கிற பொருளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, கடைக் கணக்கில் பிழை விடுவது, சம்பந்தமில்லாமல் கதைப்பது. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் நூல் கட்டுவித்தார்கள். ஒரு நாள் விடியற்காலையில் வலிப்பு வந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஸ்கான் எடுத்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, இரத்தமும் சோதித்து, காசநோய் மூளைச் சவ்வைத் தாக்கியிருக்கிறது என்று சொல்லி மருந்து தொடங்கினார்கள். ஐந்து வாரம் வார்ட்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வலது கால் கொஞ்சம் இழுக்கிறது, மற்றப்படி ஆள் தெளிவாகத்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்தபின் முகம் ஊதுகிறது, சீனி ஏறுகிறது என்று பயந்து, ஸ்டீரொய்ட் குளிசையை ஆறாவது வாரத்தில் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கிளினிக்கில் அதைச் சொல்லவில்லை. இப்போது மூன்றாவது மாதம். தலையிடி திரும்ப வந்திருக்கிறது, புதிய ஸ்கானில் முன்பு இல்லாத ஒரு சிறு கட்டி தெரிகிறது. கனடாவில் இருக்கும் கணவரின் தமையன், "நீரில கிருமியே இல்லையெண்டு ரிப்போர்ட் சொல்லுது, பிறகென்னத்துக்குக் காசநோய் மருந்து? எல்லாத்தையும் நிற்பாட்டிப்போட்டு இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்கிறாராம். மாமியார் இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கணவருக்குத் தனிக் கோப்பை, தனிக் கட்டில். கடை முதலாளி இனி வர வேண்டாம் என்றுவிட்டார். கடிதத்தின் நடுவில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "மாமியும் பாவம், அவவுக்கே இரண்டு மூன்று மாதமாய் விடாத இருமல், அதோடதான் பிள்ளையளையும் பார்க்கிறா." அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

சகோதரி, நீங்கள் கேட்ட ஒழுங்கில் பதில் சொல்லாமல், அவசரமானதை முதலில் சொல்கிறேன்.

ஸ்டீரொய்ட் விஷயத்தை நாளைக் காலையே போய்ச் சொல்லுங்கள்

கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவருக்கு மருந்து தந்த வார்ட்டுக்கோ கிளினிக்குக்கோ நாளைக்கே போய், "இந்தத் திகதியில் ஸ்டீரொய்டை நாங்களாக நிறுத்திவிட்டோம்" என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்களோ என்று பயந்துதான் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. யாராவது ஏசினாலும் பரவாயில்லை, அந்தத் தகவல் தெரியாமல் இந்த ஸ்கானை எந்த வைத்தியராலும் சரியாக வாசிக்க முடியாது. நல்லாய்க் குளிசை எடுத்துக்கொண்டிருக்கிற ஒருவருக்குக் கட்டி வந்தது என்றால் அதற்கு ஒரு அர்த்தம், ஸ்டீரொய்ட் பாதியில் நின்றவருக்குக் கட்டி வந்தது என்றால் வேறு அர்த்தம்.

ஏன் அந்தக் குளிசை அவ்வளவு முக்கியம்? மூளைக் காசநோயில் ஆளைக் கெடுப்பது கிருமி மட்டுமில்லை. கிருமியோடு உடம்பு போடுகிற சண்டையில் வருகிற வீக்கமும் அழற்சியும்தான் பெரும்பாலான சேதத்தைச் செய்கின்றன. மண்டையோட்டுக்குள்ளே வீங்குவதற்கு இடமில்லை. வியட்நாமில் 545 நோயாளிகளை வைத்துச் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், காசநோய் மருந்தோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்டும் சேர்த்துக் கொடுத்தவர்களில் இறப்பு தெளிவாகக் குறைந்தது. அதிலிருந்து உலகம் முழுக்க இதுதான் வழக்கம். ஆறு தொடக்கம் எட்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்துதான் நிறுத்துவார்கள். திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி மறுபடி கிளம்பலாம். அதோடு, வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீரொய்ட் வந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிட்டிருக்கும், அதனால் கடுமையான களைப்பு, சத்தி, பிரஷர் இறங்கி மயக்கம் என்று ஆபத்தான நிலைக்கும் போகலாம்.

முகம் ஊதியதும் சீனி ஏறியதும் அந்தக் குளிசையால்தான், அது நீங்கள் நினைத்தது சரி. ஆனால் முகம் ஊதுவது குளிசை குறையக் குறைய இறங்கிவிடும். சீனிக்கு இன்சுலின் போட்டோ மருந்தைக் கூட்டியோ சமாளிக்கலாம், அதைச் செய்ய வேண்டியது வைத்தியர்கள். வீட்டில் மிச்சமிருக்கிற ஸ்டீரொய்ட் குளிசையை நீங்களாகத் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். எவ்வளவில் தொடங்குவது, எத்தனை நாளில் குறைப்பது என்பதை அவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

நாளைக்குள்ளே அவர் அதிகமாக நித்திரை தூங்கினால், எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால், சத்தி நிற்காவிட்டால், வலிப்பு வந்தால், பார்வை மங்கினால், கை கால் புதிதாகச் சோர்ந்தால், இரவென்றும் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். மூளையைச் சுற்றி ஓடுகிற நீரின் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் கூடுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது, அதற்குச் சில வேளை நீரை வடியவிடச் சத்திர சிகிச்சையே தேவைப்படும், மணித்தியாலங்கள் முக்கியம்.

நீரில் கிருமி தெரியவில்லை என்றால்

உங்கள் மைத்துனரின் கேள்வி நியாயமான கேள்விதான். கிருமியைக் காணாமல் ஒரு வருட மருந்தா என்று யாருக்கும் தோன்றும். பதில் இந்த நோய் எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது.

காசநோய்க் கிருமி மூச்சோடு முதலில் நுரையீரலுக்குப் போகிறது. பலருக்கு அங்கேயே அடங்கிவிடும், அவர்களுக்கு நோய் வந்ததே தெரியாது. சிலருக்கு அந்த வேளையில் கொஞ்சக் கிருமிகள் இரத்தத்தோடு மூளைக்கும் போய், மூளையின் மேற்பரப்பிலோ சவ்விலோ சின்னஞ்சிறு புள்ளியாக உறங்கிக் கிடக்கும். மாதக்கணக்காக, வருடக்கணக்காகவும் கிடக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைகிற ஒரு காலத்தில் (கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம் அதற்கு ஒரு முக்கியமான காரணம்) அந்தப் புள்ளி உடைந்து மூளையைச் சுற்றியிருக்கிற நீருக்குள் கொட்டுகிறது. 1933இல் ரிச், மக்கோர்டொக் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். கொட்டிய பிறகு மூளையின் அடிப்பகுதியில் பசை மாதிரித் தடிப்பாக ஒரு படிவு உண்டாகிறது. கண்ணை அசைக்கிற நரம்புகள் அந்த வழியாகத்தான் போகின்றன, ஆகவே இரண்டிரண்டாகத் தெரிந்தது. மூளைக்குப் போகிற இரத்தக் குழாய்களும் அந்தப் படிவுக்குள் அகப்பட்டு வீங்கி அடைபடும், உங்கள் கணவரின் கால் இழுப்பு அநேகமாக அதனால் வந்ததுதான். கணக்கில் பிழை விட்டதும் பொருந்தாமல் கதைத்ததும் இந்த அழற்சிதான், செய்வினையில்லை.

இவ்வளவு சேதத்துக்கும் அந்த நீரில் இருக்கிற கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. எடுத்த சில மில்லிலீற்றரில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். அதனால் கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன் எக்ஸ்பேர்ட் பரிசோதனையில் "இருக்கிறது" என்று வந்தால் நம்பலாம், "இல்லை" என்று வந்தால் அதை வைத்துக் காசநோய் இல்லை என்று முடிவெடுக்க முடியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு வாரக்கணக்கு ஆகும். ஆகவே வைத்தியர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்: வாரக்கணக்காக மெல்ல மெல்ல முற்றிய தலையிடியும் காய்ச்சலும், நீரில் ஒரு வகை வெள்ளணுக்கள் கூடி, புரதம் உயர்ந்து, சீனி இறங்கியிருப்பது, ஸ்கானில் மூளையின் அடிப்பகுதி தெரிகிற விதம். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் நீரின் விபரங்கள் இந்த வருத்தத்தோடு நன்றாகப் பொருந்துகின்றன. மருந்து தொடங்கிய சில வாரங்களில் மயங்கிக் கிடந்தவர் தெளிந்து வீட்டுக்கு வந்தார் என்பதும் ஒரு சாட்சி, ஸ்டீரொய்டின் பங்கும் அதில் இருக்கிறது என்றாலும்.

கிருமி அகப்படும்வரை காத்திருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே இறந்தார்கள். இன்றைக்கும் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும், பிழைத்தால் எவ்வளவு நல்லாய்ப் பிழைப்பது என்பதும், எந்த நிலையில் மருந்து தொடங்கப்பட்டது என்பதில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. சந்தேகம் பலமாக இருந்தால் உடனே தொடங்குவது, இதுதான் எங்கும் ஏற்றுக்கொண்ட வழி. அந்த வார்ட்டில் இருந்தவர்கள் காத்திருக்காமல் தொடங்கியதற்கு நான் அவர்களை மனதார மெச்சுகிறேன்.

ஒன்று மட்டும் நாளைக்குப் போகும்போது கேளுங்கள்: கல்ச்சர் முடிவு வந்துவிட்டதா, அதில் மருந்துக்கு எதிர்ப்பு ஏதும் தெரிகிறதா? இலங்கையில் மருந்துக்கு அடங்காத காசநோய் குறைவுதான், ஆனால் கட்டி புதிதாக வந்திருக்கிற நேரத்தில் இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

மருந்து எடுக்கும்போதே கட்டி வருமா?

வரும். சகோதரி, உங்களை அதிகம் பயமுறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் மூளைக் காசநோய்க்கு மருந்து கொடுக்கிறவர்களுக்கு இது பழக்கமான காட்சி. மருந்தில் கிருமிகள் சாகின்றன, செத்த கிருமிகளின் துண்டுகளுக்கு எதிராக உடம்பு இன்னும் கடுமையாகக் கிளம்புகிறது, முன்பு ஸ்கானில் தெரியாத அளவில் இருந்த புள்ளி வீங்கிக் கட்டியாகத் தெரிகிறது. காலில் தைத்த முள்ளை எடுத்த பிறகும் அந்த இடம் வீங்குவதில்லையா, அப்படி. பெரும்பாலும் முதல் சில மாதங்களில் நடக்கும். ஸ்டீரொய்ட் குறையும்போதோ நிற்கும்போதோ வெளிப்படுவதும் உண்டு, உங்கள் கணவருக்கு நடந்தது அதுவாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

அப்படியென்றால் செய்ய வேண்டியது, காசநோய் மருந்தை ஒரு நாளும் விடாமல் தொடர்வது, ஸ்டீரொய்டைத் திரும்பத் தொடங்கி இன்னும் ஆறுதலாகக் குறைப்பது, சில வாரங்கள் கழித்து மறுபடி ஸ்கான். சில கட்டிகள் கரைய ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும், அப்போது மருந்துக் காலத்தை நீட்டுவார்கள்.

ஆனால் நான் ஸ்கானைக் கடிதத்தில்தான் வாசித்தேன், படத்தைப் பார்க்கவில்லை, உங்கள் கணவரையும் பார்க்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி, பூஞ்சணத் தொற்று, நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் வருகிற கட்டி, புற்றுநோய், இவற்றையும் வைத்தியர்கள் மனதில் வைத்துத்தான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். அதைச் சோதிக்கிற காலத்திலும் இப்போதைய மருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதை வைத்தியரிடம் கொண்டு போங்கள், குளிசைப் பெட்டியில் காட்ட வேண்டாம்.

மருந்துக் காலம் வழக்கமாக 12 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 10 மாதம் ஐசோனியாசிட், ரிபாம்பிசின் என்ற இரண்டு மட்டும். நுரையீரல் காசநோய்க்கு ஆறு மாதம்தானே, பக்கத்து ஊர்க்காரர் ஆறு மாதத்தில் முடித்தாரே என்று எழுதியிருக்கிறீர்கள், அவருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மூளைக்குள் மருந்து போய்ச் சேர்வதே கஷ்டம். ஐசோனியாசிட் நன்றாகப் போகும், ரிபாம்பிசின் கொஞ்சம்தான் போகும். ஆகவேதான் நீண்ட காலம்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிபாம்பிசினின் நிறம், இரத்தமில்லை. ஆனால் கண் மஞ்சளாகினால், சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளித்தால், வலது விலாவுக்குக் கீழே நொந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும், ஈரலைப் பார்க்க வேண்டும். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாவிட்டாலோ அதையும் உடனே சொல்லுங்கள், அந்த நான்கு மருந்துகளில் ஒன்றான எதம்பியூட்டோல் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். சாராயம் கள் எதுவும் கூடாது. பரியாரியாரிடம் வாங்கிய கசாயத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதில் என்ன மூலிகை இருக்கிறது என்று தெரியாமல் இந்த மருந்துகளோடு சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். ஈரல் ஏற்கெனவே பாரம் சுமக்கிறது. வலிப்பு மருந்துக்கும் சீனிக் குளிசைக்கும் இந்த மருந்துகளால் அளவு மாறலாம், ஆகவே எந்த வைத்தியரைப் பார்த்தாலும் எடுக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிள்ளைகளும் மாமியின் இருமலும்

உங்கள் கணவரின் நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது, அவருக்கு இருமலும் இல்லை. மூளையில் இருக்கிற காசநோய் மூச்சால் பரவாது. கோப்பையால் பரவாது, துவாயால் பரவாது, மடியில் இருத்தினால் பரவாது. தனிக் கோப்பையையும் தனிக் கட்டிலையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மூளை ஆறிக்கொண்டு வருகிற ஒரு மனிசனுக்குத் தன் பிள்ளைகளே தன்னைவிட்டு விலக்கப்பட்டார்கள் என்பது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். அவர் சத்தம் போடுகிறார், பிறகு தனியே இருந்து அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே.

இனி, மாமி. இரண்டு மூன்று மாதமாக விடாத இருமல் என்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிற யாருக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது பொதுவான விதி, காசநோய் வந்த ஒருவர் இருக்கிற குடும்பத்தில் அது இன்னும் கட்டாயம். அவவுக்குக் காசநோய் என்று நான் சொல்லவில்லை. வேறு நூறு காரணங்களால் இருமல் வரலாம். ஆனால் பரவாத நோயுள்ள தகப்பனிடமிருந்து பிள்ளைகளை எடுத்து, இன்னும் சோதிக்காத இருமல் உள்ளவரோடு விட்டிருக்கிறீர்கள் என்பது உண்மை. 9 மாதக் குழந்தையும் 4 வயதுப் பிள்ளையும் அந்தக் கிருமிக்கு மிக இலகுவாக அகப்படக்கூடியவர்கள், அகப்பட்டால் மூளைக்குப் போகிற ஆபத்தும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கூட. முடிவு வரும்வரை பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

இதை மாமியிடம் சொல்கிற விதம் முக்கியம். அவ பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கொண்டு போனா. "உங்களால்தான் இவருக்கு வந்தது" என்ற கதை யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒருவராலும் இப்போது சொல்ல முடியாது, அவருக்கு எத்தனையோ வருடத்துக்கு முன் வந்து உறங்கிய கிருமியாகவும் இருக்கலாம். "வீட்டில எல்லாரும் காட்டச் சொல்லியிருக்கினம் மாமி, நானும் காட்டப்போறன், வாங்கோ" என்று சேர்ந்து கூட்டிக்கொண்டு போங்கள். அது உண்மையும்கூட: மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் வீட்டார் எல்லோரையும் பார்ப்பார்கள், பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாமிக்கு இருப்பதாக வந்தாலும் மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவுகிற தன்மை நன்றாகக் குறைந்துவிடும், குணமாகிற நோய்தான்.

பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள், இடது தோளில் தழும்பு இருக்கும். மூளைக் காசநோய் மாதிரிக் கடுமையான வடிவங்களிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்ல பாதுகாப்பு, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அவர்களையும் கட்டாயம் காட்டுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து தேவையா என்று அங்கே தீர்மானிப்பார்கள். கொடுத்தால் மறுக்காதீர்கள், "நோயில்லாத பிள்ளைக்கு ஏன் மருந்து" என்று பலர் இடையில் விடுகிறார்கள். தாய்ப்பாலைத் தாராளமாகத் தொடருங்கள்.

முதுகில் போட்ட ஊசி, இரத்தப் பரிசோதனை, கிணற்றடி

கால் இழுப்பது முதுகில் நீர் எடுத்ததால் என்று உறவினர்கள் சொல்வது பிழை. ஊசி போடுகிற இடம் முள்ளந்தண்டு வடம் முடிகிற இடத்துக்கும் கீழே. வளர்ந்த ஒருவரின் உடம்பில் இந்த நீர் 150 மில்லிலீற்றர் அளவில் இருக்கும், நாளொன்றுக்கு அரை லீற்றர் அளவு புதிதாக ஊறுகிறது, எடுத்தது சில மணித்தியாலத்தில் ஊறிவிடும். திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டால் தயவுசெய்து மறுக்க வேண்டாம்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்தது உங்களை நோகடித்திருக்கிறது. காசநோய் என்று வருகிற எல்லோருக்கும் அதைச் செய்வது வழக்கம், உங்கள் கணவரின் நடத்தையைப் பற்றிய சந்தேகம் எதுவும் அதில் இல்லை.

வலிப்பு வந்தவர் என்பதால் வைத்தியர் சரி என்று சொல்லும்வரை மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். எங்கள் வீட்டுக் கிணறுகளின் கட்டு பல இடங்களில் முழங்கால் உயரம்தான். தனியே கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளிக்க விடாதீர்கள், வாளியில் நிரப்பிக் கொடுங்கள், கதவைத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கட்டும். அடுப்படி வேலை, ஏணி, கடல் இவையும் அப்படித்தான்.

பழையபடி ஆவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதி தர என்னால் முடியாது, இந்த நோயில் முழுதாகத் தேறியவர்களும் இருக்கிறார்கள், ஏதோ ஒரு குறையோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். தெளிவான நிலையில் வீட்டுக்கு வந்தவர் என்பது நல்ல அறிகுறி. முன்னேற்றம் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும் தொடரும். காலுக்கு பிசியோதெரபி தவறாமல் செய்விக்க வேண்டும், நாங்கள் வழக்கமாக மருந்தைப் பார்ப்போம், பிசியோவை விட்டுவிடுவோம். மறதிக்கும் கோபத்துக்கும் அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம், மூளையின் முன்பகுதி ஆறுகிற காலத்தில் இவை வரும். ஆனால் அதைத் தாங்குகிற உங்களுக்கும் நித்திரை வேண்டும். இரவு முழிப்பதற்கு வாரத்தில் இரண்டு நாளாவது உங்கள் தம்பியையோ வேறு ஒருவரையோ கேளுங்கள்.

வேலையும் காசும்

காசநோய் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய், அதனால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வருவார். அவர் வருவது வீட்டாரைப் பரிசோதனைக்கு அனுப்ப. அயலவருக்குத் தெரியாமல் வரச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பது உங்கள் இரண்டு பேரின் விருப்பம், அயலுக்கு விளக்கம் கொடுக்கிற கடமை உங்களுக்கு இல்லை.

கடை முதலாளிக்கு, இந்த நோய் மற்றவருக்குப் பரவாது என்றும் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்றும் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். பலர் பயத்தில்தான் விலக்குகிறார்கள், கடிதம் கண்டால் மனம் மாறுவதும் உண்டு. மாறாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், ஆனால் அந்தப் பாதைக்கு முன் முதலாளியோடு ஆறுதலாக ஒரு முறை கதைத்துப் பார்ப்பது நல்லது. காசநோயாளர் குடும்பங்களுக்குச் சமூக சேவைப் பிரிவு ஊடாக மாதாந்த உதவிக் கொடுப்பனவு இருக்கிறது. மார்பு நோய் சிகிச்சை நிலையத்தின் கடிதத்தோடு விதானையாரைப் பார்த்து, பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

இந்தியாப் பயணம்

வேறொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை, அதைக் கேட்பதால் பெரியாஸ்பத்திரி வைத்தியர்களுக்குக் கோபம் வரத் தேவையுமில்லை. ஆனால் இப்போது, தலையிடியும் கட்டியும் இருக்கிற நிலையில், பலாலியிலிருந்தோ கட்டுநாயக்காவிலிருந்தோ விமானம் ஏற்றுவதை நான் விரும்பவில்லை. முதலில் இங்கே ஸ்டீரொய்ட் திரும்பத் தொடங்கி ஆள் நிலையாகட்டும். போகத்தான் வேண்டும் என்றால் நோய் நிர்ணய அட்டை, நீர்ப் பரிசோதனை அறிக்கை, இரண்டு ஸ்கானின் சீடீ, மருந்துப் பட்டியல் எல்லாவற்றின் பிரதியும், பயண நாட்களுக்கும் அதற்கு மேலுக்கும் போதுமான குளிசையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயும் இதே காசநோய் மருந்துகளும் இதே ஸ்டீரொய்டும்தான் தருவார்கள்.

பயணம் போகாமலே அந்தக் கருத்தைப் பெறவும் வழியிருக்கிறது. உங்கள் மைத்துனர் உண்மையான அக்கறையில்தான் கதைக்கிறார், ஆகவே அவரிடம் அறிக்கைகளை அனுப்பி, அங்குள்ள ஒரு தொற்றுநோய் நிபுணரிடமோ நரம்பியல் நிபுணரிடமோ காட்டச் சொல்லுங்கள். பயணச் சீட்டுக்கு வைத்திருக்கிற காசை இங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கும், கிளினிக் போகிற ஓட்டோக் கூலிக்கும், வீட்டுக்கு வந்து காலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒருவருக்கும் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். நாளைக்கு ஸ்டீரொய்ட் பற்றி வைத்தியர் என்ன சொன்னார், மாமியின் சளியில் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.